விழவில்லை, இறங்கினேன்

ஜூன் 3, புதன்

நான் விழவில்லை. இறங்கினேன்.

இதை முதலில் எழுதி வைக்கிறேன். ஏனென்றால் இன்று மாலைக்குள் இந்தக் குடியிருப்பில் மூன்று கதைகள் உலவத் தொடங்கிவிட்டன. கால் இடறி நீச்சல் குளத்தில் விழுந்துவிட்டேன் என்பது காவலாளியின் கதை. எனக்கு ஞாபகம் பிசகிவிட்டது, குளத்தை நடைபாதை என்று நினைத்து நடந்துவிட்டேன் என்பது சங்கத் தலைவரின் கதை. மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. லிஃப்டில் என் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு மனசுக்கு ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டார்களாம்.

மூன்றும் தவறு. நடந்தது இது. காலை வேளை, குளத்தில் ஒருவரும் இல்லை. செருப்பைக் கழற்றி இணையாக வைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் செருப்புக்குள் வைத்தேன். விழுகிறவள் கண்ணாடியைக் கழற்றி வைப்பாளா? இரும்பு ஏணியில், முகம் சுவரைப் பார்க்க, ஒவ்வொரு படியாக, வீட்டில் உடுத்தும் நீலப் பருத்தி அங்கியோடு இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் அங்கி குடைபோல விரிந்து மேலே எழுந்தது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று சத்தம்போட்டுச் சிரித்தேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் காவலாளி ஓடிவந்தார். நான் கத்தினேன் என்று அவர் சாதிக்கிறார். என் சிரிப்பு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் தெரியாது போலும்.

ஏன் இறங்கினேன்? போன வாரம் மகன் என்னை இதய மருத்துவரிடம் அழைத்துப்போனான். "உள்ளே ஒரு கதவு சரியா மூடலைம்மா. ரத்தம் கொஞ்சம் திரும்பி வருது. இந்த வயசுல அதைத் திறந்து சரிபண்றது, பண்ணாம விடறதைவிட ஆபத்து" என்றார். எவ்வளவு காலம் என்று நேராகக் கேட்டேன். அவர் என் மகனைப் பார்த்தார். "கேட்டது நான்" என்றேன். "ஒரு வருஷமும் இருக்கலாம், அஞ்சும் இருக்கலாம். மூச்சு வாங்காத வேலை எதுவும் செய்யலாம். நடங்க. மெதுவா நீந்தக்கூடச் செய்யலாம்."

அதை நான் செய்யமாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் சொல்லியிருப்பார். காரில் திரும்பும்போது மகன் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினான். நான் அந்த 'நீந்தக்கூட'வையே மனதில் புரட்டிக்கொண்டு வந்தேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. ஓய்வு பெறும்வரை கப்பல் நிறுவனம் ஒன்றில் மேலாளரின் சுருக்கெழுத்தாளராக இருந்தவள் நான். ஆனால் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. அவர், அதாவது காலமான என் கணவர், கடலைக் கண்டால் சட்டையைக் கழற்றிவிடுவார். நான் கரையில் அவருடைய செருப்புக்கும் கைக்கடிகாரத்துக்கும் காவல். "வாயேன்" என்பார். "இதையெல்லாம் யாராவது பார்த்துக்கணுமே" என்பேன். அந்த வேலையை ஒழுங்காகவே செய்தேன். ஒரு செருப்பும் காணாமல் போனதில்லை.

ஜூன் 4, வியாழன்

லிஃப்டுக்குள் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. எழுபது வயதைக் கடந்தோர், பொதுக்குழு கூடும் வரை, பயிற்சியாளரும் குடும்பத்தினர் ஒருவரும் உடனிருந்தால் மட்டுமே குளத்தைப் பயன்படுத்தலாமாம். பொதுக்குழுவில் நிரந்தரத் தடை முன்மொழியப்படுமாம். என் பெயர் இல்லை. மிகுந்த நாகரிகம். எழுபதைக் கடந்து அந்தக் குளத்தில் கால் வைத்தவள் நான் ஒருத்திதான்.

தலைவருக்கு 'சுற்றறிக்கை' என்று பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை. பொருத்தமான பெயர்.

ஜூன் 6, சனி

மகன் அலுவலகத்துக்குப் போகாமல் சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்தான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. கோபம் வந்தால் மட்டும் பள்ளிப் பிள்ளை முகம்.

"இப்போ போய் எதுக்கும்மா நீச்சல்? எந்தக் கடலைத் தாண்டப் போற?"

"தாண்டலைடா. மிதக்கப் போறேன்."

"மிதந்து?"

அந்த 'மிதந்து?'வுக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது நான் பாத்திரம் கழுவுவேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் சொன்னதைக் கேட்டதானே? மத்தவங்கள்லாம் இப்படி ஒரு விஷயம் தெரிஞ்சா பத்திரமா இருப்பாங்க."

"பத்திரமா இருந்து?" என்றேன். அவனுக்கும் பதில் இல்லை. ஆனால் அவன் பாத்திரம் கழுவுகிறவன் அல்ல. எழுந்து போய்விட்டான்.

பிறகு மருமகள் வந்தாள். ரத்த வங்கியில் வேலை செய்கிறாள். ரத்தத்துக்குப் பயப்படாதவள், வாளிக்கு மேல் தண்ணீரைக் கண்டால் நடுங்குவாள். "செவ்வாயும் வெள்ளியும் எனக்குச் சாயங்கால டியூட்டிதான் அத்தை. காலையில நான் வந்து உட்கார்றேன். ஓரமா. உள்ளே மட்டும் கூப்பிடாதீங்க" என்றாள். துண்டை நான் சொல்லிக்கொடுத்தபடி மூன்றாக மடித்துக்கொண்டே சொன்னாள்.

ஜூன் 9, செவ்வாய்

முதல் வகுப்பு. பயிற்சியாளரை எல்லோரும் கோச் என்கிறார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி. கழுத்தில் விசில் தொங்குகிறது. ஊதுவதில்லை, குரலே போதும்.

நீச்சல் உடை பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. கழுத்திலிருந்து முழங்கால் வரை கறுப்பு. குடையை உறைக்குள் போட்டது போல இருந்தேன். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரிக்கிறதுன்னா நேரா பார்த்துச் சிரி" என்றேன்.

"இல்லத்தை, இருமல்" என்றாள்.

என் செருப்பும் கண்ணாடியும் கடிகாரமும் அவள் மடியில். அதைப் பார்த்து ஒரு நொடி நின்றேன். அவள் அமர்ந்திருந்த விதம், முழங்கால்களைச் சேர்த்து, பையை அணைத்துக்கொண்டு… எனக்கு நன்றாகத் தெரிந்த விதம்.

இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் மூச்சு விட்டேன். குமிழிகள். அவ்வளவுதான். மகிழ்ச்சியாக இருந்தது. காரணம் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

ஜூன் 12, வெள்ளி

கோச் என்னைத் தண்ணீரில் மல்லாந்து படுக்கச் சொன்னார். தலைக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தாங்கிக்கொண்டார். "விடப்போறேன்மா" என்றார். விட்டார். மூழ்கினேன். தாங்கினார், விட்டார், மூழ்கினேன்.

இரவல் நூலகத்திலிருந்து நீச்சல் புத்தகம் ஒன்று எடுத்துவந்து, கட்டிலில் படுத்துப் படம் பார்த்துப் பழகினேன். கட்டிலில் எனக்கு மிக நன்றாக மிதக்க வருகிறது.

ஜூன் 16, செவ்வாய்

மூழ்கினேன்.

ஜூன் 19, வெள்ளி

இன்றும். ஆனால் இன்று காரணம் தெரிந்துவிட்டது.

கோச் என்னை நிமிர்த்தி நிறுத்தி, மூக்கிலிருந்து தண்ணீரெல்லாம் இறங்கும் வரை காத்திருந்து கேட்டார்: "அம்மா, நான் கையை எடுத்ததும் நீங்க என்ன பண்றீங்க தெரியுமா?"

"எதுவும் பண்ணலையே."

"ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்கே கட்டிக்கிறீங்க. அச்சு அசலா பொணம் மாதிரி! எனக்கே பகீர்ங்குது."

மருமகள் ஓரத்திலிருந்து, "ஆமா அத்தை, ஒவ்வொரு தடவையும்" என்றாள்.

நான் அறியாமல் செய்திருக்கிறேன். என்ன அது என்று யோசித்தேன், பட்டென்று பிடிபட்டது. நான் விடுதியில் தங்கிப் படித்த கான்வென்ட், அதன் தலைவியான கன்னியாஸ்திரி மதர். மாதத்தின் முதல் வெள்ளிதோறும் விடுதிக் கட்டில்களில் மதர் எங்களை மல்லாந்து படுக்கச் சொல்வார். கண் மூடி, கால் சேர்த்து, கைகளை மார்பில் குறுக்கே வைத்து. இதுவே உன் கடைசி நாள் என்று நினை, என்பார். நல்ல மரணத்துக்கான பயிற்சி. மற்றப் பெண்கள் போர்வைக்குள் கிசுகிசுப்பார்கள், ஒருத்தி தும்முவாள். நான் அசையமாட்டேன். "இவளைப் பாருங்கள்" என்று மதர் என்னைக் காட்டுவார். ஒரு வருடம் அதற்குப் பரிசும் வாங்கினேன்.

இதைச் சொன்னதும் கோச் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாகறதுல முதல் பரிசா! அம்மா, நான் தேசிய அளவுல நீந்தியிருக்கேன், இந்த மாதிரி ஒரு பரிசைப் பத்திக் கேள்விப்பட்டதே இல்லை!"

நான் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. காவலாளி எட்டிப் பார்த்தார். "சிரிக்கிறேன்" என்று அவருக்குக் குரல் கொடுத்தேன். "குறிச்சு வெச்சுக்கோங்க."

"உங்க மதரை நான் குறை சொல்லலை. நல்லா சொல்லிக்குடுத்திருக்காங்க, நீங்களும் நல்லா கத்துக்கிட்டீங்க. அதுதான் தொல்லை" என்றார் கோச். "கையை விரிங்கம்மா. அவ்வளவுதான் மிச்சம்."

வீட்டுக்கு வந்த பிறகு யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் விட்டுவிடப் பழகுவதற்குத்தான் அந்தப் பயிற்சி என்று மதர் சொல்வார். விடுகிறவளின் கைகள் அப்படியா இருக்கும்? அந்தக் கட்டிய கைகளுக்குள் நான் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்?

ஜூன் 23, செவ்வாய்

வகுப்பு இல்லை. காலையில் எழுந்தபோது நெஞ்சில் ஒரு பாரம், கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இளைப்பு. மருத்துவர் மருந்தின் அளவை மாற்றி, ஒரு வாரம் ஓய்வு என்றார். மகன் ஒன்றும் சொல்லவில்லை. 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லாமலிருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். நன்றாக வளர்த்திருக்கிறேன்.

பயந்தேனா? பயந்தேன். இங்கே பொய் எழுதி யாரை ஏமாற்ற?

ஜூன் 26, வெள்ளி

மகன் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கழுத்துப்பட்டையைக் கூடக் கழற்றவில்லை.

"இதோட விட்டுடும்மா. ப்ளீஸ்."

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு. எங்க ஆபீஸ்ல, கிளம்புற தேதி போடாத கப்பலுக்கு யாரும் சரக்கு ஏத்தமாட்டாங்க. அது பாட்டுக்குக் கிடங்குல கிடக்கும், எலி கடிக்கும். தேதி போட்டுப் பலகையில எழுதிட்டாப் போதும். அன்னைக்கே துறைமுகம் முழுக்க ஓட்டம்தான். லாரி என்ன, கூச்சல் என்ன, பாட்டு என்ன! எனக்கு அந்த நாட்கள்தான் பிடிக்கும். டைப் அடிச்சு விரல் வலிக்கும், ஆனா சந்தோஷமா வலிக்கும்."

"தேதி போட்டாச்சோன்னுதான் எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குப் பொறந்தன்னைக்கே போட்டாச்சுடா. உனக்கும்தான். நான் இத்தனை நாளா பலகைப் பக்கம் தலையைத் திருப்பலை, அவ்வளவுதான்."

அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். பிறகு, அன்றைய அதே கேள்வியை வேறு குரலில் கேட்டான். "சரி. மிதந்து?"

இம்முறை சொன்னேன். "ஒண்ணும் இல்லை. அதுதான் விஷயம். இதுவரைக்கும் நான் கத்துக்கிட்டது எல்லாமே எதுக்காவது. சுருக்கெழுத்து வேலைக்கு, சமையல் உங்களுக்கு. இதை வெச்சு நான் ஒண்ணும் பண்ணப்போறதில்லை. பண்ண நேரமும் இல்லை. வெறுமனே நல்லா இருக்கும், அவ்வளவுதான். இன்னும் நாற்பது வருஷம் இருக்குன்னு சொல்லியிருந்தா நிச்சயமா தள்ளிப்போட்டிருப்பேன். உங்க அப்பா கூப்பிட்டப்பல்லாம் அப்படித்தானே."

அவன் திடீரென்று கழுத்துப்பட்டையோடு என் பக்கத்தில் மல்லாந்து படுத்தான். கட்டில் முனகியது.

"எப்படி மிதக்கணும்? காட்டு."

"கையை விரி. இன்னும். வயித்தை மேலே தூக்கு. உனக்கு அது கஷ்டமில்லை."

"அம்மா!"

மருமகள் கதவைத் திறந்து, கைகளை விரித்துக் கிடந்த எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, மறுபடி சாத்திக்கொண்டு போனாள்.

ஜூலை 3, வெள்ளி

மிதந்தேன்.

மருத்துவர் மீண்டும் அனுமதி கொடுத்தார் ('மெதுவா' என்று நான்கு முறை). கோச் தாங்கினார். கைகள் தாமாகவே மார்புக்கு வரப் பார்த்தன. வராதே என்றேன். விரித்தேன். தலையைப் பின்னால் சாய்த்தேன். அவர் கையை எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

காதுகள் தண்ணீருக்குள் போனதும் வெளிச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. உள்ளே ஒன்று மட்டும் கேட்டது. லொடக், லொடக் என்று. சரியாக மூடாத அந்தக் கதவு. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு நாள் விடுப்பு எடுக்காமல் இத்தனை காலம் திறந்து மூடியிருக்கிறது. நான்கூட விடுப்பு எடுத்திருக்கிறேன்.

மேலே சுற்றிலும் பால்கனிகள், நடுவில் சதுரமாக வானம். நான் குடியிருக்கும் கட்டடத்தை இப்படி அடியிலிருந்து பார்த்ததே இல்லை. கண்ணாடி இல்லாததால் எல்லாமே ஓரம் கரைந்து அழகாக இருந்தது. ஐந்தாம் மாடியில் யாரோ போர்வையை ஒற்றைக் கிளிப்பில் தொங்கவிட்டிருந்தார்கள். அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த வீட்டில் சொல்ல வேண்டும்.

எவ்வளவு நேரம்? தெரியாது. கடிகாரம் மருமகளிடம்.

என் கணவரை நினைத்தேன். துக்கமாக இல்லை. 'இதைத்தானா சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? விவரமாகச் சொல்லியிருக்கலாமே' என்று சண்டை போட்டேன். அவர் விவரமாகச் சொல்லுகிற ஆள் இல்லை. "வாயேன்" என்பதோடு சரி.

நிமிர்ந்து நின்றபோது பார்த்தேன். மருமகள் எழுந்து, என் பையையும் செருப்பையும் மார்போடு அணைத்தபடி, உடுத்திய உடையோடு முதல் படியில் தண்ணீருக்குள் நின்றிருந்தாள். அழுதுகொண்டும் இருந்தாள்.

"உள்ளே வந்துட்டியே" என்றேன்.

குனிந்து பார்த்தாள். "ஐயோ" என்றாள். ஆனால் வெளியே ஏறவில்லை.

ஜூலை 7, செவ்வாய்

மருமகள் மூன்றாம் படி வரை. என் கையை அவள் நெரித்த நெரிப்பில் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. இன்னும் தடம் இருக்கிறது. பெருமையோடு பார்த்துக்கொள்கிறேன்.

ஜூலை 12, ஞாயிறு

பொதுக்குழு. வாகன நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி, நாய்கள் எல்லாம் முடிந்து கடைசியில் நாங்கள்.

தலைவர் எழுந்தார். "தனிப்பட்ட முறையில் யாரையும் சொல்லலை. பெரியவங்க மேல உள்ள அக்கறையிலதான். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா யார் பொறுப்பு?"

நான் எழுந்தேன். "ஆகும் சார். எனக்கு நிச்சயமா ஏதாவது ஆகும். உங்களுக்கும் ஆகும். அது எந்த இடத்துலன்னு சங்கத்தால தீர்மானம் போட முடியாது." யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். "போன வருஷம் மாடிப்படியில மூணு பேர் விழுந்தாங்க. அதுல ரெண்டு பேர் செயற்குழு. படியை மூடலையே? குளத்துல இதுவரைக்கும் யாரும் விழலை. நான் இறங்கினேன்."

விவரம் சொல்ல அழைக்கப்பட்டிருந்த கோச் விசிலை ஊதினார். அவர் அதை ஊதி நான் கேட்டது இதுவே முதல் முறை. கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தடைத் தீர்மானத்தை ஓட்டுக்கு விடத் தலைவருக்குத் தைரியம் வரவில்லை. "எழுத்துமூலமா குடுங்க. பரிசீலிப்போம்" என்றார். பரிசீலிப்போம்! அந்தச் சொல்லை ஓய்வு பெறும்வரை தட்டச்சு செய்தவள் நான். பரிசீலிக்கப்பட்ட கடிதங்கள் எந்த அலமாரிக்குப் போகும் என்று எனக்கா தெரியாது?

லிஃப்டுக்காக நின்றபோது தலைவரின் மனைவி பக்கத்தில் வந்தார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், நான் அவரை அதிகம் பேசிக் கேட்டதில்லை. கதவு திறக்கும் நேரம் பார்த்துக் கேட்டார்: "அந்தக் கறுப்பு டிரெஸ் எங்கே வாங்கினீங்க?"

ஜூலை 14, செவ்வாய்

இன்று கரையில் யாரும் இல்லை. மருமகள் சுவரை விட்டுவிட்டு, கோச்சின் கையில் மல்லாந்து படுத்தாள். நான் பக்கத்தில் கைகளை விரித்துக் கிடந்தேன். எங்கள் செருப்புகள் கரையில் தாறுமாறாகக் கிடந்தன, ஒன்று கவிழ்ந்து. காவல் இல்லை. ஒன்றும் காணாமல் போகவில்லை. போயிருந்தாலும் வெறுங்காலோடு மேலே போயிருப்போம்.

ஜூலை 15, புதன்

தலைவருக்கு இன்று தந்த கடிதத்தின் நகல், என் பார்வைக்கு:

ஐயா,

பொதுக்குழுவில் தாங்கள் கேட்டுக்கொண்டபடி எழுத்துமூலம் விண்ணப்பிக்கிறேன். செவ்வாய், வெள்ளி காலை வேளைகளை எழுபது வயதைக் கடந்தோருக்கும், தண்ணீருக்குப் பயப்படும் எந்த வயதினருக்கும் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். பயிற்சியாளர் சம்மதித்துள்ளார்.

குடும்பத்தினரின் ஒப்புதலாக என் மகனின் கையெழுத்து கீழே உள்ளது. நான் கேட்கவில்லை, அவனே பேனாவை வாங்கிப் போட்டான்.

நான் தண்ணீரில் இருக்கும்போது எனக்கு ஏதாவது நேர்ந்தால் அதற்கு யாரும் பொறுப்பல்ல. என்னைத் தூக்குங்கள், தண்ணீரை மாற்றுங்கள், அடுத்த வகுப்பை நிறுத்தாதீர்கள். என் இடத்தைக் காத்திருப்பவர் யாருக்காவது கொடுங்கள்.

இதில் நால்வர் கையெழுத்திட்டுள்ளோம். நான்காவது கையெழுத்து தங்களுக்கு அறிமுகமானதாக இருக்கலாம். அவருக்கு உடை வாங்கியாகிவிட்டது.

தங்கள் முடிவு வரும்வரை வழக்கம்போல் வெள்ளிக்கிழமை காலை தண்ணீரில் இருப்போம். பரிசீலனையில் உள்ளது என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

பதிலை எழுத்தில் தரவும்.